ஐம்பதில் வளையாதா?

“ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?” என்று கேட்கிறார்கள். கேட்டுவிட்டு, இதற்கு மறுமொழி கூற மண்ணுலகில் எவரும் பிறக்கவில்லை என்ற மிதப்போடு, வெற்றிலையை மெல்லத் தொடங்குகிறார்கள். நாற்பதைக் கடந்த ஒருவன் நீந்தக் கற்கப் போகிறேன் என்று வாய் திறந்தால் மைத்துனன் கேட்கிறான். அலுவலக நண்பன் கேட்கிறான். இரண்டு பிள்ளைகளைப் பெற்றவள் மிதிவண்டி பழகப் போகிறேன் என்றாலோ, மாமியார் கேட்கிறார், அடுத்த வீட்டார் கேட்கின்றனர், ஏன், அவள் பெற்று வளர்த்த பிள்ளையே கேட்கிறான், “பேரன் எடுக்கும் வயதிலே பெடல் மிதிக்க வேண்டுமா, அம்மா?” என்று!

கேள்வி போலக் காட்சி தரும் இது, கேள்வி அன்று, தீர்ப்பு. வழக்கு மன்றம் கூடுமுன்பே எழுதி வைக்கப்பட்ட தீர்ப்பு. பிள்ளைகளை இளமையிலேயே நல்வழியில் பழக்குக என்று பெற்றோருக்குக் கூறிய பழமொழி அது. அந்த அளவிலே அதனோடு நமக்குப் பிணக்கு இல்லை. ஆனால், பெற்றோருக்குக் கூறிய புத்திமதியை எடுத்து, வளர்ந்தவர் காலிலே விலங்காகப் பூட்டியவர் யார்? ஏன் பூட்டினர்? அதுதான் நாம் கேட்கும் கேள்வி.

வளையாதாம் ஐம்பதில்! வளைந்திருக்கிறது, ஐயா. அறுபதிலும் வளைந்திருக்கிறது. ருசிய நாட்டு எழுத்தாளர் டால்ஸ்டாய், உலகம் வியக்கும் பெருநூல்களை எழுதி முடித்த பிறகு, 1895ஆம் ஆண்டு, தமது 67ஆம் வயதிலே மிதிவண்டி ஓட்டக் கற்றுக்கொண்டார். ஏழு வயதும் நிறையாத சிறுவனான அருமை மகனைப் பறிகொடுத்த ஆண்டு அது. துயரத்திலே தோய்ந்திருந்த முதியவர், தாடி காற்றிலே பறக்க, இரு சக்கரங்களின்மீது ஏறி அமர்ந்தார். பிரபுக் குலத்திலே பிறந்த அவர் ஏற்கெனவே ஏர் பிடித்தவர். செருப்புத் தைக்கவும் கற்றவர். மாளிகையிலே பிறந்தவருக்கு, ஊசியும் தோலும் தந்த உவகையை ஜமீன் வருவாய் தரவில்லை.

இன்னொருவரையும் கூறுவோம், அவர் நமக்கு வேண்டியவர் அல்லர் எனினும். இந்தியாவுக்கு விடுதலை தருவதை நெடுங்காலம் எதிர்த்த ஏகாதிபத்தியக் காவலர் சர்ச்சில், தம் வீட்டுத் தோட்டத்திலே செங்கல் அடுக்கிச் சுவர் எழுப்பப் பழகினார். வெறும் விளையாட்டாக அல்ல. 1928இல் கட்டடத் தொழிலாளர் சங்கத்திலே உறுப்பினராகவும் சேர்ந்தார்! அப்போது அவர் பிரிட்டனின் நிதியமைச்சர். தொழிலாளர்களோ, “நீர் எங்கே, நாங்கள் எங்கே?” என்று ஆட்சேபித்தனர், அவர் உறுப்பினராக இருக்கத் தகுதியற்றவர் என்று சங்கத்தின் நிர்வாகக் குழுவும் கூறிவிட்டது. கூறியது சரியே. எனினும், வரவு செலவுத் திட்டத்தைக் கட்டி ஆண்ட அந்தக் கை, கலவைக் கரண்டியைப் பிடித்தபோதுதான் களைப்பு நீங்கியது என்பதை மட்டும் குறித்துக்கொள்வோம்.

நம் நாட்டிலே நடப்பது என்ன? காலையிலே நாற்காலி, மாலைவரை நாற்காலி, வீடு திரும்பினால் மீண்டும் ஒரு நாற்காலி. முன்பு கோப்பு இருந்த இடத்திலே இன்று கணிப்பொறித் திரை. கண்ணுக்கும் விரல் நுனிக்கும் மட்டுமே வேலை. தோளும் முதுகும் காலும் கூலியில்லாமல் உடன் வரும் மூட்டைகள்! பத்தாண்டுகள் இப்படிப் போனால், வேலையிலே சலிப்பு. சலிப்பு முற்றினால் எரிச்சல். எரிச்சல் வீட்டிலே மனைவிமீது, அலுவலகத்திலே மனுக் கொண்டு வருகிற ஏழைமீது. பரிகாரம் தேடிச் சோதிடரிடம் சென்றால், “சனி பெயரட்டும், சரியாகும்” என்கிறார். சனி பெயர்கிறது, இவர் மட்டும் நாற்காலியை விட்டுப் பெயர்வதில்லை.

நாமறிந்த எழுத்தர் ஒருவர் பெயர்ந்தார். 46 வயது, சிற்றூர் ஒன்றின் அருகிலே வீடு. மகன் கிணற்றிலே நீந்துவதைக் கரையிலே நின்று பார்த்துப் பார்த்து அஞ்சியவர், ஒருநாள் தாமும் இறங்குவதென்று முடிவு செய்தார். கற்றுக்கொடுக்க யார்? மகனுடைய வகுப்புத் தோழன், பன்னிரண்டு வயதுச் சிறுவன், ஊருக்கு வெளியே குடியிருப்பவன். அவனுடைய பாட்டன் காலத்திலே அந்தக் கிணற்றின் பக்கம் வரவும் கூடாது. தொலைவிலே குடத்தை வைத்துவிட்டு, எவரேனும் ஊற்றமாட்டார்களா என்று காத்துக் கிடக்க வேண்டும். அதே கிணற்றிலே, அந்தப் பாட்டனின் பேரன் படிக்கட்டிலே நின்று ஆணையிடுகிறான்: “தண்ணிய அடிக்காதீங்க சார்! அடிச்சா அது நம்மளைத் திருப்பி அடிக்கும். கையால தள்ளுங்க. மூச்சை வாயால இழுங்க!” இடுப்பிலே சுரைக்குடுக்கை கட்டிக்கொண்டு, குட்டி ஆசான் சொன்னபடியெல்லாம் கையைக் காலை உதறுகிறார், அலுவலகத்திலே பதினான்கு பேரை அதட்டி உருட்டுகிற அந்தப் பெரியவர்.

மூன்று வாரம் தண்ணீர் குடித்தார். நான்காவது வாரம் குடுக்கையை அவிழ்த்தார். ஐந்தாவது வாரம் கிணற்றின் ஒரு சுவரிலிருந்து மறு சுவருக்குப் போய்விட்டார். போய்ச் சேர்ந்ததும் கல்லைப் பிடித்துக்கொண்டு கூச்சலிட்டாராம், பரிசுச் சீட்டு விழுந்தவர்போல.

நாம் வியந்தது அதற்கன்று. அவருடைய அலுவலகத்துக்கு மனுக் கொடுக்கச் சென்ற மூதாட்டி ஒருத்தி நம்மிடம் கூறினாள், “முன்னெல்லாம், இது கூடத் தெரியாதான்னு எரிஞ்சு விழுவாருங்க. இப்ப உக்காரவச்சு, எந்தக் கட்டத்துல என்ன எழுதணும்னு விரலை வச்சுக் காட்டுறாரு” என்று. அவரையே கேட்டோம். சற்று நேரம் பேசாதிருந்துவிட்டு, “தெரியாமல் இருப்பது எப்படி இருக்கும் என்பதே எனக்கு மறந்து போயிருந்தது” என்றார். இருபது ஆண்டுகளாகத் தெரிந்த வேலையையே செய்து வந்தவர் அவர். தெரியாதவனின் தடுமாற்றம், அவன் நெஞ்சிலே எழும் நாணம், ‘மறுபடியும் கேட்டால் திட்டுவார்களோ’ என்ற அச்சம், இவையெல்லாம் தண்ணீருக்குள்ளே தலை போனபோதுதான் அவருக்கு நினைவுக்கு வந்தன. மேலதிகாரிகள் ஆயிரம் சுற்றறிக்கை அனுப்பியிருப்பர், மக்களிடம் அன்பாக நடந்துகொள்க என்று. ஒரு சுரைக்குடுக்கை செய்ததை அந்தச் சுற்றறிக்கைகள் செய்யவில்லை!

உடற்கலையிலே ஒரு தனித்தன்மை உண்டு. ஏட்டுப் படிப்பிலே ஏமாற்றலாம். புரியாததையும் புரிந்ததுபோல நடிக்கலாம். மனப்பாடம் செய்து பட்டமும் பெறலாம். மிதிவண்டியிடம் அந்தக் கதை நடக்காது. வண்டி இடப்புறம் சாய்கிறது. புதியவன் பயந்துபோய்க் கைப்பிடியை வலப்புறம் திருப்புகிறான், விழுகிறான். சாய்கிற பக்கமே திருப்பினால் சக்கரம் உடலுக்கு அடியிலே வந்து நிற்கும், வண்டி நிமிரும். இதை ஒரு பக்கம் எழுதிப் படித்துக் காட்டலாம், பத்து முறை ஒப்புவிக்கச் செய்யலாம், பயன் என்ன? முழங்கால் இரண்டு முறை சிராய்த்த பிறகு, ஒரு மாலைப் பொழுதிலே, சொல்லாமல் கொள்ளாமல் அது உடம்புக்குள் வந்து குடியேறுகிறது. வந்தபின் போவதில்லை. இருபதாண்டு கழித்து ஏறினாலும், பத்தடி தள்ளாடிவிட்டு ஓடுகிறது வண்டி.

மூளையே மாறுகிறது என்று ஆராய்ச்சியாளரும் கூறுகின்றனர். மூன்று பந்துகளை மாறி மாறி வீசிப் பிடிக்கும் வித்தையைச் சிலருக்கு மூன்று திங்கள் பழக்கி, பழகுமுன்பும் பின்பும் அவர்கள் மூளையைப் படமெடுத்துப் பார்த்தனர் செருமானிய அறிஞர்கள். அசைவைக் காணும் பகுதியிலே சாம்பல் நிறப் பொருள் கூடியிருந்தது. பயிற்சியை நிறுத்தியபின் குறைந்தது. 2004இல் ‘நேச்சர்’ இதழிலே வெளிவந்த ஆய்வு இது. “அவர்கள் வாலிபர்கள், ஐயா!” என்பீர்கள். ஏறத்தாழ அறுபது வயதினரையே கொண்டு 2008இல் மறுபடியும் செய்தனர். வாலிபர் அளவுக்கு அவர்களுக்குக் கை ஓடவில்லை, மறைப்பானேன். ஆயினும் மூளை மாறியது. பழமொழியாரே, எங்கே உமது ஐம்பது?

வளையும் என்பது மெய்யானால், வளையாது என்று கூறியதால் ஆதாயம் அடைந்தவர் எவரோ இருக்க வேண்டுமன்றோ? இருந்தனர். உழைக்கும் கையை இழிவென்றும், ஓதும் வாயை உயர்வென்றும் பிரித்து வைத்தவர் இருந்தனர். மனு நூலின் பத்தாம் அத்தியாயம் உழவுத் தொழிலைப் பற்றி என்ன கூறுகிறது? சிலர் அதனை நல்ல தொழில் என்பர், ஆனால் சான்றோர் இகழ்வர், ஏனெனில் இரும்பு முனை பூட்டிய மரம் நிலத்தையும் அதிலுள்ள உயிர்களையும் காயப்படுத்துகிறதாம்! கலப்பை பாவம், கலப்பை விளைத்த சோறு மட்டும் பாவமில்லை. உழவுக்கென்று ஓர் அதிகாரமே வகுத்த வள்ளுவன் பிறந்த மண்ணிலே இந்த வாதம் வந்து விலை போயிற்று. அதற்கும் முன்பு, சங்கப் புலவர் வரிசையிலே வெண்ணிக் குயத்தியார் இருந்தார். தங்கால் பொற்கொல்லனார் இருந்தார். கூலவாணிகன் சாத்தனார் இருந்தார். மண் பிசைந்த கைக்கும் பொன் உருக்கிய கைக்கும் ஏடு அன்னியமாக இல்லை. பெயரோடு தொழிலைச் சேர்த்துச் சொன்னபோது யாரும் கூசியதாகத் தெரியவில்லை.

ஏகலைவன் கதையை எண்ணிப் பாருங்கள். வேடர் மகன், ஆசான் மறுத்தான், தானே முயன்றான், வில்லிலே வல்லவனானான். பரிசு? கட்டைவிரலைக் காணிக்கையாகக் கேட்டார் துரோணர்! இதைக் குருபக்தி என்று கூறிக் கண்ணீர் உகுக்கும் கதாகாலட்சேபக்காரர்களை நாம் கேட்கிறோம், பக்தியைப் போற்றுகிறீர்களே, விரல் யாருக்காக வெட்டப்பட்டது? பிறந்த குலத்துக்கு உரியதல்லாத திறமை ஒரு கையிலே குடியேறிவிட்டதே என்ற கலக்கத்துக்காக அன்றோ?

இந்த இடத்திலே எதிர்த்தரப்பார் துள்ளி எழுவர் என்பதறிவோம். “ஆகா! கைத்திறன் கற்க வேண்டும் என்கிறீர்களே, 1953இலே சென்னை மாநில முதலமைச்சராக இருந்த ஆச்சாரியார் அதைத்தானே கூறினார்? குலக் கல்வி, குலக் கல்வி என்று கூவி எதிர்த்தீர்களே!” என்பர். நன்றாகக் கேட்டீர்கள். பள்ளி நேரத்தைப் பாதியாக்கி, மீதிப் பொழுதிலே பிள்ளைகள் தத்தம் தகப்பனார் தொழிலைப் பழகட்டும் என்றது அத்திட்டம். வண்ணார் வீட்டுப் பிள்ளைக்கு வெள்ளாவி, குயவர் வீட்டுப் பிள்ளைக்குச் சக்கரம், சிரைப்பவர் வீட்டுப் பிள்ளைக்குக் கத்தி. அர்ச்சகர் வீட்டுப் பிள்ளைக்கு? அவன் கையிலே மண்வெட்டி கொடுக்கச் சொன்னார்களா? நாடே கொதித்தது, 1954இல் ஆச்சாரியார் பதவி விலகினார், காமராசர் முதலமைச்சரானதும் திட்டம் கைவிடப்பட்டது. கையால் செய்யும் தொழிலையா மக்கள் எதிர்த்தனர்? இல்லை. பிறக்குமுன்பே தொழிலை முடிவு செய்யும் பிடிவாதத்தை எதிர்த்தனர். குயவர் மகன் நீதிபதியாகட்டும். நீதிபதியின் மகள் சக்கரத்திலே அமர்ந்து பானை வனையக் கற்கட்டும், ஆசைப்பட்டால். அதற்கு எவர் தடை? நாம் கேட்பது, விரும்பியவன் விரும்பியதை விரும்பிய வயதிலே பழகுவதற்கு வழி. அவர்கள் கேட்டது வாரிசுப் பட்டியல்.

மற்றொரு எதிர்வாதமும் உண்டு. இது நேர்மையானது, ஆகவே மரியாதையோடு எடுத்துக்கொள்வோம். “நாளெல்லாம் கல்லுடைக்கிறாளே, அவளிடம் போய் உடற்கலை கற்றுக்கொள் என்பீர்களா? நாற்காலிக்காரன் பேசும் பேச்சு இது” என்று கேட்கிறார் ஒரு தோழர். இதற்கு மறுமொழி நாம் கூற வேண்டியதில்லை; புதுக்கோட்டை மாவட்டத்துப் பெண்கள் கூறிவிட்டனர்.

1991இல் அங்கே அறிவொளி இயக்கம் எழுத்தறிவு புகட்டத் தொடங்கியது. மாவட்ட ஆட்சித் தலைவராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். எழுத்துக் கற்பிக்கும் திட்டத்திலே மிதிவண்டிக்கு என்ன வேலை என்று கோப்பிலே எழுதிக் கேட்டிருக்கலாம், வேறு எவரேனும். அவர், பெண்களுக்கு ‘அ’னா ‘ஆ’வன்னாவோடு மிதிவண்டியும் கற்பிக்கச் செய்தார், வண்டி வாங்க வங்கிக் கடனுக்கும் ஏற்பாடு செய்தார். யார் வந்தனர்? கல்குவாரித் தொழிலாளிகள் வந்தனர். வயலிலே நாற்று நட்ட கால்கள் வந்தன. அங்கன்வாடிப் பணியாளர், கிராமச் செவிலியர், ஆசிரியைகள், பள்ளிச் சிறுமியர், பட்டை தீட்டும் கூலிப் பெண்கள் வந்தனர். மாலை நேரத்துத் திடல்களிலே புழுதி எழுந்தது. முழங்கை சிராய்த்தது, சேலைத் தலைப்புச் சங்கிலியிலே சிக்கியது. தெரு முனையிலே நின்ற ஆடவர் சிலர் கேலி பேசினர். ஒழுக்கம் என்னாவது என்று கவலைப்பட்டனர். சக்கரத்துக்கும் ஒழுக்கத்துக்கும் என்ன உறவென்று அவர்களும் கூறவில்லை, நமக்கும் இதுவரை விளங்கவில்லை.

இந்தக் கவலை நம் ஊருக்கு மட்டும் உரியதன்று என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1890களிலே இங்கிலாந்திலே பெண்கள் மிதிவண்டி ஏறத் தொடங்கியபோது, ‘மிதிவண்டி முகம்’ என்றொரு நோயையே கண்டுபிடித்தனர் சில மருத்துவர்! வண்டி ஓட்டினால் பெண்ணின் கண் பிதுங்கும், தாடை இறுகும், அழகு போகும் என்றனர். பெண்கள் ஓட்டினர்; நோய்தான் இருந்த இடம் தெரியாமல் போயிற்று.

புதுக்கோட்டைக்கு வருவோம். ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட ஊரகப் பெண்கள் வண்டி ஓட்டக் கற்றனர். அவர்களிலே எழுபதினாயிரத்துக்கும் மேற்பட்டோர் பொது மக்கள் முன்னிலையிலே ஓட்டிக் காட்டிப் போட்டிகளிலே கலந்துகொண்டனர். பத்திரிகையாளர் சாய்நாத் நேரிலே சென்று கண்டு எழுதி, 1996இல் வெளிவந்த தமது நூலிலும் சேர்த்திருக்கிறார். பெண்களுக்கான வண்டிகள் கடைகளிலே போதவில்லை. ஆடவர் வண்டியையே வாங்கினர். அது குறையாகவும் முடியவில்லை. குறுக்கே உள்ள ‘பார்’ கம்பியிலே குழந்தையை உட்கார வைக்கலாமே என்று அதையே விரும்பியவர்களும் இருந்தனர்!

இனித் தோழரின் கேள்வி. கல்லுடைப்பவளுக்கு உடற்பயிற்சி எதற்கு? அவளுடைய உடல் காலையிலிருந்து மாலைவரை உழைத்தது. ஆனால் அவளுக்காக உழைக்கவில்லை. சம்மட்டி ஒப்பந்தக்காரருக்கு, கூடை முதலாளிக்கு, குடம் குடும்பத்துக்கு. தன் உடம்பைத் தன் விருப்பப்படி ஓரிடத்துக்குக் கொண்டு செல்வது என்ற ஒன்றை அவள் முதன்முதலிலே அறிந்தது அந்த வண்டியிலேதான். முன்பு, விளைபொருளை விற்கச் செல்பவள் பேருந்து நிறுத்தத்துக்குப் போகவே தந்தையையோ தமையனையோ கணவனையோ மகனையோ எதிர்பார்த்து நிற்க வேண்டும். பேருந்து வந்தால் உண்டு, வராவிட்டால் இல்லை. நான்கு ஊர் விற்க நினைத்தவள் இரண்டு ஊரோடு திரும்புவாள், பிள்ளை பசித்திருக்குமே, தண்ணீர் எடுக்க வேண்டுமே என்று. வண்டி வந்தது, கூடை பின்னால் கேரியரிலே, குழந்தை முன்னால் கம்பியிலே. மேலும் சில ஊர்கள் விற்க முடிந்தது. விற்றபிறகும் பொழுது மிஞ்சியது. மிஞ்சியது என்றால், ஓய்வு! அவளுடைய அகராதியிலே அதற்குமுன் இல்லாத சொல். சும்மா ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வருகிறேன் என்று அந்தி வேளையிலே புறப்பட்ட பெண்களை அந்த ஊர்கள் அதற்குமுன் கண்டதில்லை.

ஆகவே தோழரே, உழைப்பு வேறு, கலை வேறு. ஒன்றையே ஆயிரம் முறை செய்து தேய்வது உழைப்பாளியின் விதியாக்கப்பட்டிருக்கிறது. புதிதாக ஒன்றைத் தன் கையும் காலும் கற்பதை உணர்வது, அவளுக்கு மறுக்கப்பட்டுவந்த சொத்து. நாற்காலிக்காரனைவிட அவளுக்கே அது அதிகம் தேவை.

பீகாரிலே 2006இல் பள்ளி மாணவியர்க்கு மிதிவண்டி வாங்கப் பணம் கொடுத்தனர். உயர்நிலைப் பள்ளியிலே சேர்ந்த சிறுமியர் தொகை 30 விழுக்காட்டுக்குமேல் கூடியது என்று பொருளியல் அறிஞர் கணக்கிட்டனர். தமிழ்நாட்டிலே பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அரசு விலையில்லா மிதிவண்டி தருகிறது. மகிழ்ச்சி. ஆனால் அந்த வண்டி வீட்டு முற்றத்திலே நிற்கிறதே, அதன் அருகே நின்று துடைப்பத்தைக் கையிலே பிடித்தபடி பார்க்கிறாளே தாய், அவளுக்குக் கற்பிப்பது யார்? மகளே கற்பிக்கலாம். “அம்மா, கீழே பார்க்காதே, நேரா பாரு, நான் பிடிச்சிருக்கேன்” என்று பின்னால் ஓடலாம், பிடியை விட்டுவிட்டே பிடித்திருக்கிறேன் என்று பொய்யும் சொல்லலாம். அந்த ஒரு பொய்யை நாம் மன்னிப்போம். சிறுவயதிலே அண்ணனின் வண்டியிலே குரங்குப் பெடல் போட ஆசைப்பட்டு அடி வாங்கியவளாகவும் அவள் இருக்கக்கூடும்.

இடம்? ஊர்தோறும் பள்ளித் திடல் இருக்கிறது. மாலை மணி அடித்ததும் பூட்டு. ஞாயிறன்று நாளெல்லாம் பூட்டு. மக்கள் பணத்திலே வாங்கிய நிலத்துக்கு மக்களிடமிருந்தே பாதுகாப்பு! ஊராட்சி மன்றத்தார் வாரத்துக்கு மூன்று மாலை அந்தப் பூட்டைத் திறந்து, இரண்டு விளக்குப் போட்டு, பழைய வண்டி நான்கு வாங்கி நிறுத்தட்டும். நகராட்சியின் நீச்சல் குளத்திலே, நாற்பது வயதைக் கடந்த ஆண்களுக்கு ஒரு பொழுது, பெண்களுக்கு ஒரு பொழுது ஒதுக்கட்டும். கற்பிப்பவர் எந்தத் தெருவைச் சேர்ந்தவர் என்று கேட்காத ஒருவரிடம் சாவியைக் கொடுக்கட்டும். வருகிற ஊராட்சிக் கூட்டத்திலே இதைத் தீர்மானமாகக் கொண்டுவாருங்கள், தோழர்களே. “ஐந்தில் வளையாதது…” என்று எவரேனும் எழுந்தால், அவர் பெயரையும் பழகுவோர் பட்டியலிலே முதலாவதாக எழுதிக்கொள்ளுங்கள்.